சந்தனம் காய்வதற்குள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களா. ஒளித்துவைத்த ஒன்று தானே எழுந்து வந்து சபையில் நின்ற கதை சொல்கிறேன். கொடைக்கானலில் தேவசேனா என்றொரு பெண். அவளுக்கும் தம்பி ஜெயமுருகனுக்கும் கடைகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் சுப்புராஜ் முதலாளியின் வேலை அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. ஆர்டர் எங்கே வந்து எங்கே போகும் என்று பெட்டி பெட்டியாகப் படம் வரைந்து, கையெழுத்து வாங்கிவரத் தம்பியைக் கீழே அனுப்பியிருந்தாள். பனி சன்னலை அடைத்துக் கிடந்த நேரத்தில் போன் அடித்தது. தம்பி பேசியது நமக்குக் கேட்காது. அவள் பேசியதைக் கேளுங்கள்.

"ஹலோ... சொல்லுலே. படத்தக் காட்டிட்டியா?... ம்... ம்... அதுக்கு ஏன் பயப்படுற? நம்ம குறிப்பெல்லாம் தனி லேயர்ல கெடக்கு... ஏலே, லேயர்னா என்னன்னு எத்தன தடவ சொல்ல? படத்து மேல கண்ணாடித் தாள் விரிச்ச மாதிரி. நமக்கு மட்டும் அதுல எழுதி வச்சிருக்கேன். மறைச்சுட்டுத்தான் அனுப்புனேன்... ஆமா, ஆமா, ஒரு எழுத்துத் தெரியாது.

"...பிரிண்டா? இந்தக் காலத்துல படத்த யாருலே பிரிண்டு எடுக்குறா?... ஓ... முருகன் காலடில வச்சு, சந்தனம் தொட்டு வைக்காம எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போட மாட்டாராமா... நல்ல பழக்கந்தான். நீ ஏன் அழுவுற?

"...வந்துருச்சா? குறிப்பெல்லாமா?... இரு, பாக்குறேன்... ஐயையோ. திரையில தெரியுறதுக்கு ஒரு டிக், பிரிண்டுல வர்றதுக்குத் தனியா ஒரு டிக். நான் மொதல் டிக்க மட்டுந்தான் எடுத்திருக்கேன்!

"அவரு படிச்சுட்டாரா?... நீயா படிச்ச? ஏலே, அவருதான் கண்ணாடி இல்லன்னு படிக்கச் சொன்னாரு, நீ இருக்குறத அப்படியேவா படிப்ப?... எத?... 'ஆர்டரு மச்சினன் மேசைக்குப் போறதுக்கு ஒரு சோலியும் இல்ல, முதலாளியம்மா தம்பி மனசு கோணக்கூடாதுன்னு வச்ச பெட்டி'ங்கிறதயா?... எனக்கே திரும்பப் படிச்சுக் காட்டாதலே, நான்தான எழுதுனேன்! மச்சினன் எங்க?... வெளிய நிக்கிறாரா. அது வரைக்கும் தப்பிச்சோம். இந்த வேல போச்சுன்னா ரெண்டு பேரும் வில்பட்டில கேரட்டுப் பிடுங்கத்தான் போகணும்.

"...யாரு? வேணாம், குடுக்காத, குடுக்காத... வணக்கம் முதலாளி! நல்லா இருக்கேங்க... ஆமாங்க, நான் எழுதுனதுதாங்க... தப்புத்தாங்க... என்னங்க?... நெசமாவா?... கல்யாணம் ஆனதுலருந்து நீங்க சொல்ல நெனச்சதா?... ஆங்... ஆங்... படத்துல மச்சினன் பெட்டி இருக்கணும், வேலையில இருக்கக் கூடாது. அம்மா பாக்க ஒரு லேயரு, கடை நடக்க ஒரு லேயரு... வெரசா கத்துக்கிட்டீங்களே முதலாளி!... கையெழுத்துப் போட்டுர்றீங்களா? புண்ணியமாப் போகுங்க. தம்பிகிட்ட குடுங்க.

"...கேட்டியாலே! இப்பச் சிரி... இரு, இரு. கடைசிப் பெட்டி, 'முதலாளி ஓகே'ன்னு இருக்குமே, அதுக்குப் பக்கத்துல உள்ளதப் படிச்சியா?... சந்தனமா? சரியா அது மேலயா? முருகா, நீதான்யா நெசமான லேயரு!... என்ன எழுதுனேனா? மெதுவாக் கேளு. 'இவரு கண்ணாடியத் தேடி எடுத்து ஓகே சொல்றதுக்குள்ள, பக்தரு மலை ஏறி எறங்கி ஊரு போய்ச் சேந்துருவாரு.'

"...இப்ப என்ன பண்றாரு?... கண்ணாடி தேடுறாரா! சிரிக்காதலே, அவரு பாக்கப் போறாரு... சந்தனம் ஈரமாத்தான கெடக்கு?... காயுதா?... ஓரம் உதிருதா? ஏலே, ஃபேன அமத்து! ஃபேன அமத்துலே!... என்னது, கெடச்சிருச்சா? ஹலோ... ஹலோ?"

மேகம் ஏறி வந்து சிக்னலை விழுங்கிவிட்டது. அன்று சாயங்காலம் தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். சந்தனம் உதிர்ந்த இடத்தில், அந்தக் குறிப்பு ஒரு எழுத்துகூடத் தெரியாமல், அதன் மேலேயே சுப்புராஜ் முதலாளி பெரிதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு போட்டாரா, போடாமல் போட்டாரா என்று தேவசேனா இன்றுவரை கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, மறைய வேண்டியது மறைந்தே இருக்கட்டும். சந்தனம் தொட்டு வைத்த காரியமெல்லாம் குளிர்ந்து நிறையட்டும்.