ஆறு ஷிப்ட் ஊசி

கம்பவுண்டர் திரு. இன்பராஜ் அவர்கள் பணி ஓய்வு பெறும் நாளில், தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் குதிரை மருந்தகப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் மடல். 30 ஜூன் 1974.

அன்பின் அணிகலனே, ஆற்றலின் இருப்பிடமே, முரட்டுக் குதிரைக்கும் மிரண்ட குதிரைக்கும் ஒரே குரலில் ஆறுதல் சொன்ன அண்ணலே, ஊசியோடு அருகில் சென்றும் உதை வாங்காத உத்தமரே, ஜட்காக்காரர்கள் எத்தனை முறை திருத்தினாலும் "குதிர டாக்டரு" என்றே அழைத்த எங்கள் கம்பவுண்டர் ஐயா, வணக்கம். உதை இரண்டு முறை வாங்கினீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மடலின் அழகு கருதி மறைத்தோம்.

இருபத்தெட்டு ஆண்டுகள். நீங்கள் வந்து சேர்ந்த நாளில் சல்பா தூளும் டிங்சரும்தான் இங்கே மருந்து. பிறகு பென்சிலின் வந்தது. கிருமி பெருகும்போது தன் சுவரைக் கட்டவிடாமல் உடைக்கிற மருந்து அது என்றும், ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடாமல் காலையும் மாலையும் போட வேண்டும் என்றும் டாக்டர் உங்களுக்குச் சொன்னதை, நீங்கள் எங்களுக்குச் சொன்னீர்கள். சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, கழுத்துச் சதையில் குத்தி, பிஸ்டனைச் சற்றே பின்னுக்கு இழுத்து, ரத்தம் வரவில்லை என்று பார்த்த பிறகே மருந்தைச் செலுத்துவீர்கள். ரத்தக் குழாயில் இறங்கினால் குதிரை நின்ற இடத்திலேயே விழும் என்று நீங்கள் சொன்ன நாளில், எங்களில் பாதிப் பேர் சிரிஞ்சை உங்களிடமே திருப்பித் தந்தோம்.

கோபமும் உங்களுக்கு உண்டு. மனிதருக்குக் கொடுத்த டெட்ராசைக்ளின் மாத்திரையைத் தவிட்டில் கலந்து குதிரைக்கு ஊட்டியவரை நீங்கள் வாசலிலேயே நிறுத்திக் கேட்ட கேள்விகளை இந்த மடலில் எழுத முடியாது. புல்லைச் செரிக்க வைக்கிற நல்ல கிருமிகள் குதிரையின் குடலில் இருக்கின்றன, அவை செத்தால் கழிச்சலில் குதிரையும் போகும் என்று பிறகு நீங்களே அவரை உட்கார வைத்து விளக்கினீர்கள். வயிற்று வலிக்குப் பென்சிலின் கேட்டு வந்தவர்களையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. வலிக்கு உரிய மருந்தை டாக்டரிடம் எழுதி வாங்கித் தந்தீர்கள்.

ஆனால் உங்களை நாங்கள் உண்மையில் அறிந்துகொண்டது 1962-இல்.

ஊரிகம் ரயிலடியில் ஜட்கா ஓட்டிய ரத்தினம்மா, கணவரை இழந்தவர். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அவருக்கும் சோறு போட்டது ஒரே ஒரு சினைக்குதிரை. அதற்கு மார்ச்சளி கண்டு, மூச்சு இரைத்து, தீவனத்தைத் தொடாமல் நின்றது. டாக்டர் பென்சிலின் எழுதினார். நீங்கள் முதல் ஊசியைப் போட்டுவிட்டு, "ஆறு ஷிப்ட் விடாம வாம்மா, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்றீர்கள்.

இரண்டு நாள் வந்தார். மூன்றாம் நாள் வரவில்லை. குதிரை தின்னத் தொடங்கியது, காய்ச்சல் இறங்கியது, வண்டியும் பூட்டியாயிற்று. ஐந்தாம் நாள் ரயிலடியிலேயே குதிரை மண்டியிட்டது. செய்தி கேட்டு நீங்கள் பெட்டியோடு ஓடினீர்கள். பின்னால் ஓடிய நாங்கள் அங்கே கேட்டது இது:

"இன்னாம்மா, நடுவுல நிறுத்திட்டியே."

"ஆறு ஷிப்ட்டுனு நீங்கதானே சொன்னீங்க. ஒரு நாளைக்கு மூணு சங்கு. ஆறு சங்கு எண்ணிட்டேன்."

உங்களுக்கு ஒரு நாள் வேலை ஒரு ஷிப்ட். ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் ஊதுகிற சுரங்கத்துச் சங்கைக் கேட்டே பொழுதை அறிகிறவருக்கு ஒரு நாளில் மூன்று ஷிப்ட். நீங்கள் ஆறு நாள் சொன்னீர்கள், அவர் இரண்டு நாளில் முடித்தார். அவர்மேல் பழியைப் போட உங்களுக்கு எல்லா வசதியும் இருந்தது. கூட்டத்தின் நடுவில் நின்று நீங்கள் சொன்னீர்கள்: "தப்பு என்னுதும்மா. மொத கேஜ்ல கொஞ்சம் ஆளுங்க ஏறி மேல வந்துட்டா சுரங்கம் காலியாயிடுமா? காய்ச்சல் எறங்கினாலும் கீழ கிருமி நிக்குது. மிச்சம் நிக்கிறதுதான் கெட்டி. அத நான் உனக்குச் சொல்லியிருக்கணும்."

டாக்டர் பென்சிலினோடு ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்த்தார். பதினான்கு நாள், ஞாயிறும் விடாமல், நீங்களே ரத்தினம்மாவின் லாயத்துக்கு நடந்து போய்ப் போட்டீர்கள். ஒவ்வோர் ஊசிக்கும் சுவரில் ஒரு சுண்ணாம்புக் கோடு இழுத்தீர்கள். குதிரை தேறியது. இருபத்தெட்டாவது கோட்டை ரத்தினம்மாவின் கையாலேயே போட வைத்தீர்கள்.

அன்று முதல் இம்மருந்தகத்தில் ஷிப்ட் என்ற சொல்லுக்குத் தடை. சொன்னவர் அன்று எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். நாங்கள் "நாள்" என்று சொல்லப் பழகிவிட்டோம். எத்தனை நாள், எத்தனை கோடு என்று குதிரைக்காரரைத் திருப்பிச் சொல்ல வைக்காமல் ஒருவரையும் நாங்கள் அனுப்புவதில்லை. நாளையும் கோடு இழுப்போம், ஐயா. ஆனால் டிங்சர் வாசனையோடு அந்த மூலையில் உங்கள் இருமல் கேட்காது.

நோயின்றி, குறையின்றி, உங்கள் துணைவியார் ஜெயசீலி அம்மாவோடும் பேரப்பிள்ளைகளோடும் நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். எந்த மருந்தையும் பாதியில் நிறுத்தாமல் வாழ வேண்டும். உங்களுக்கு நாங்கள் சொல்லத் துணிந்த ஒரே அறிவுரை இதுதான்.

உங்களை வீட்டில் கொண்டு சேர்க்க வாசலில் ஒரு ஜட்கா காத்திருக்கிறது. அதில் பூட்டியிருப்பது அன்று தாய் வயிற்றில் இருந்த குட்டி. இப்போது அதற்குப் பதினோரு வயது. கூட்டம் முடிய நேரமாகும் என்று காலையிலேயே ரத்தினம்மாவிடம் சொன்னோம். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதி, அதற்கான டீயை நாங்களே வாங்குகிறோம்:

"எத்தினி ஷிப்ட் ஆனாலும் நிக்கிறோம்னு ஐயாகிட்ட சொல்லுங்க."

உங்கள் கைப்பழக்கத்தில் வளர்ந்த
குதிரை மருந்தகப் பணியாளர்கள்
(எழுதியவர்: பதிவேட்டு எழுத்தர் மாலா)