சேசுராஜின் தோளைத் தடுத்த கை

"சொட்டுத் தொடாத மனுசனைச் சப்பரத்துக்கிட்ட விடாம வெரட்டிட்டீகளே சார், அவுக வாயில வாடை அடிச்சுதா?"

போன வருடத் திருவிழாவன்று சேசுராஜின் மனைவி சகாயம்மாள் என்னிடம் கேட்ட கேள்வி இது.

தலைமை தாங்கும் அருள்தந்தை அவர்களே, பந்தலுக்குக் கால் ஊன்றிய பெரியோர்களே, அடுப்பை அணைத்த கையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இங்கே நிற்கிறேன்.

குடித்தவர் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கக் கூடாது. அது நம் ஊர்க் கட்டு. நவநாள் முழுக்க விரதமிருந்த சேசுராஜ் கை துள்ள, கால் பின்ன வந்தார். தடுத்தது யார்? முப்பத்து நான்கு ஆண்டு அறிவியல் கற்பித்த இந்தக் கை!

பிறகுதான் மதுரை டாக்டர் சொன்னார்: அது போதையல்ல, பரம்பரையாக வரும் நரம்பு நோய். சேசுராஜின் ஒப்புதலோடுதான் பேசுகிறேன்.

தாய்மார்களே, உளுந்து மாவில் கருப்பட்டி சேர்த்துக் கும்மாயம் கிண்டுவீர்கள் அல்லவா? மரபணு என்பது பெட்டிக்குள் பூட்டிய சமையல் ஏடு. அதைப் பார்த்தெழுதி அடுப்படிக்கு அனுப்பும் துண்டுச் சீட்டு ஆர்.என்.ஏ. சீட்டின்படி சமைவது புரதம். சேசுராஜின் ஏட்டில் 'மாவு ஒரு கரண்டி' என்ற வரி ஓயாமல் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. கிண்டினால் என்ன ஆகும்?

"கட்டி தட்டிரும் சார்!"

சரியாகச் சொன்னாய் நாகஜோதி! அப்படித்தான் மூளையில் புரதம் கட்டி தட்டுகிறது. சில ஆர்.என்.ஏ. இழைகள் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுதல் கட்டியைத் தடுக்குமா, வளர்க்குமா? இன்னும் தேடுகிறார்கள். ஆனால் சென்ற ஆண்டு, 1998இல், சின்னஞ்சிறு புழுவில் ஒரு வியப்பைக் கண்டார்கள். சீட்டோடு பொருந்துகிற இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை உள்ளே செலுத்தினால், அந்தச் சீட்டு அழிந்துபோகிறது! ஏடு அப்படியே இருக்கும்; அந்த வரியின் குரல் மட்டும் அடங்கிவிடும்.

"ஏட்டையே கிழிச்சுப்புட்டா என்ன சார்?"

கிழித்தால் மற்றப் பலகாரத்துக்கு எங்கே போவாய், காளிராஜ்?

இந்த மௌனம் ஒருநாள் மருந்தாகலாம். இன்று ஊசி இருக்கிறதா? இல்லை. மாத்திரை இருக்கிறதா? இல்லை. நம்மிடம் என்னதான் இருக்கிறது? தோள் இருக்கிறது, அன்பர்களே, தோள்!

சேசுராஜ், நான்காம் வரிசையில் இருக்கும் உங்களிடம் ஊரறிய மன்னிப்புக் கேட்கிறேன். சப்பரத்தின் முன் தண்டில் எனக்கு ஒதுக்கிய இடம் இனி உங்களுடையது. உங்களுக்குப் பின்னால் நான் தாங்கி வருவேன்.

"இன்னும் எம்புட்டு நேரம் பேசுவீக சார்? சப்பரந் தூக்கத் தோளு காத்துக்கிட்டிருக்கு!"

இதோ, முடித்துவிட்டேன் ஐயா! ஒரு வாத்தியாரின் தப்பைக்கூடப் பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். வீட்டுக்குப் போகும் வழியில் யாராவது தள்ளாடி வந்தால், கையைப் பிடித்து, "எங்கே போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள்.