தொப்பி மடை

டொப்பென்று ஒரு சத்தம். கல்லில் தேங்காய் உடைகிற சத்தம். அப்புறம் ஒரு மூச்சு நேரம் எதுவும் கேட்காது. அதற்கப்புறம் மடையில் தண்ணீர் இரையும். முன்னொரு காலத்தில், வைகைக்குத் தெற்கே குதிரைக்குளம் என்ற ஊரில், கார்த்திகை பிறந்தால் கீழ்வயல் வரைக்கும் இது கேட்குமாம்.

ராவுத்தர்மார் ஊர் அது. நூறு வீட்டில் தொண்ணூறு வீடு அவர்களுடையது. பள்ளிவாசலும் அவர்களுடையது, குளமும் அவர்களுடையது. ஊர்த்தலைவரை அம்பலம் என்பார்கள். அன்றைக்கு அம்பலமாக இருந்தவர் நத்தர்சா ராவுத்தர். ஓலைத் தொப்பி இல்லாமல் அவர் தலையை மனைவிகூடப் பார்த்ததில்லை என்பார்கள்.

மடை திறப்பவன் காத்தான். கீழத்தெருக்காரன். குளத்தின் அடியில் மடைவாயை ஓர் அடைகல் மூடியிருக்கும். மூழ்கிப் போய் அதை நகர்த்த வேண்டும். இறங்குமுன் தேங்காய் உடைத்துக் கும்பிடுவான். ஒரு மூடியைத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சற்று நேரம் பார்ப்பான். அப்புறம் இறங்குவான். அவன் அப்பனும் அப்படித்தான் செய்தான்.

ஒரு வருஷம் வெளியூரிலிருந்து மார்க்கம் படித்த ஒரு ஹஜ்ரத் வந்தார். நல்ல குரல். ஏழு நாள் பள்ளிவாசலில் பயான் செய்தார், மார்க்கப் பிரசங்கம். ஏழாம் நாள் சொன்னாராம், முஸ்லிம்களின் குளக்கரையில் கல்லுக்குத் தேங்காய் உடைகிறது, அந்தத் தண்ணீரில் விளைந்த சோறு ஹராம், அதைத் தின்றவன் தொழுகை மேலே போகாது என்று. இளவட்டங்கள் கடப்பாரையோடு போய்த் தேங்காய் உடைக்கிற கல்லைப் பெயர்த்துப் போட்டார்கள். முன்னால் போனவன் சுல்தான் கனி, அம்பலத்தின் ஒரே மகன்.

ஜமாஅத் கூடியது. காத்தானை விலக்க வேண்டும் என்று கைகள் உயர்ந்தன. உயராத கைகளும் பக்கத்துக் கையைப் பார்த்து உயர்ந்தன. காத்தானைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை. அம்பலமும் கேட்கவில்லை. அந்தத் தப்பு அவருடையது. சாகும்வரை அதை அவரே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஒன்று மட்டும் சொன்னார்.

"ஊர் சொன்னாச் சரி. ஆனா மடைக்கு இறங்குற ஆள் கை தூக்குனவங்கள்ல ஒருத்தராத்தான் இருக்கணும். வெளியாளைக் கூலிக்கு இறக்கக் கூடாது."

"நான் இறங்குறேன் அத்தா" என்றான் மகன்.

மழை வந்தது. மூன்று நாள் விடாத மழை. குளம் நிறைந்தது, தளும்பியது, கரையில் கசிவு கண்டது. நண்பகல் லுஹர் தொழுகைக்குள் மடையைத் திறக்காவிட்டால் கரை போய்விடும். கரை போனால் முதலில் கீழத்தெரு போகும். அடுத்தது ஊர்.

ஊரே கரையில் நின்றது. மகன் சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். ஒரு பெரியவர் அம்பலத்தின் காதருகே வந்து, ஒத்தைப் பிள்ளையை நிறுத்துங்க, உங்க பேச்சுக்கு யார் மறுபேச்சுப் பேசப்போறா என்றாராம். தன் பிள்ளைக்கு ஒரு சட்டம், ஊரான் பிள்ளைக்கு ஒரு சட்டம் என்று அம்பலத்துக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தத் தேங்காய் மூடி அவர் நினைவுக்கு வந்தது. காத்தான் கும்பிடும்போது கண்ணை மூடியிருப்பான். மூடியை மிதக்கவிட்ட பிறகோ, கண் கொட்டாமல் பார்ப்பான். எதைப் பார்த்தான்?

"நில்லு" என்றார். தண்ணீருக்குள் நடந்தார். தலையிலிருந்த ஓலைத் தொப்பியைக் கழற்றி மடைக்கு நேர்மேலே போகும்படி மிதக்கவிட்டார்.

தொப்பி நின்றது. பிறகு மெல்லத் திரும்பியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில், யாரோ அடியிலிருந்து கை நீட்டி வாங்கிக்கொண்டதுபோல உள்ளே போனது. மேலே வரவே இல்லை.

அடைகல் ஏற்கெனவே ஒரு பக்கம் நகர்ந்து, அந்த இடுக்கு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நேரே இறங்கியிருந்தால் சுல்தான் கனியையும் மடை வாங்கிக்கொண்டிருக்கும்.

அம்பலம் கரையேறினார். மழையில், வெறுந்தலையோடு, ஊர் பார்க்கக் கீழத்தெருவுக்கு நடந்தார். ஊர் பின்னால் போனது. ஹஜ்ரத்தும் போனார்.

கூரை வீட்டுக்குள் கயிறு திரித்துக்கொண்டிருந்தான் காத்தான்.

"காத்தா, உன்னைக் கேக்காமத் தீர்ப்புச் சொல்லிட்டேன். தப்பு என்னுது. நீ வரமாட்டேன்னாலும் அது நியாயந்தான்."

காத்தான் அவர் தலையைப் பார்த்தான். "அடைகல்லு நகந்துருச்சுங்களா?"

"நகந்துருச்சு. தொப்பிய வாங்கிருச்சு."

"அப்ப வடக்கால கரைய ஒட்டித்தான் எறங்கணும்." வேட்டியை இறுக்கிக் கட்டினான். "தேங்கா உடைக்கலாமுங்களாய்யா?"

"அது உனக்கும் உன் சாமிக்கும் உள்ளது. அதுல எனக்கென்ன வேலை?"

"தேங்காதான் இல்லீங்க. உடைக்கக் கூடாதுன்னதும் வீட்டுக்காரி துவையல் அரைச்சுட்டா."

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. சுல்தான் கனி ஓடினான். கிட்டத்தில் நின்ற தென்னை பள்ளிவாசல் தென்னைதான். ஏறிப் பறித்து வந்தான்.

காத்தான் உடைத்தான், கும்பிட்டான், பார்த்தான், இறங்கினான். ஹஜ்ரத் தன் தலைத்துண்டை அவிழ்த்து அம்பலத்திடம் நீட்டினார்.

"அவன் மேல வரட்டும்" என்றார் தண்ணீரில் நின்ற அம்பலம்.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மடை இரைந்தது. காத்தானின் தலை தெரிந்தது. அதற்குப் பிறகே துண்டை வாங்கிக் கட்டிக்கொண்டார். ஹஜ்ரத் அந்த ஊரில் எட்டாவது பயான் செய்யவில்லை.

அன்றிலிருந்து அது தொப்பி மடை. இன்றைக்கும் மடை திறக்கிற நாளில் தேங்காய் பள்ளிவாசல் தென்னையிலிருந்து போகிறது. இறங்கியவர் மேலே வரும்வரை ஜமாஅத் தலைவர் வெறுந்தலையோடு தண்ணீரில் நிற்கிறார். யாரையும் கூப்பிட்டுக் கேட்காமல் அந்த ஜமாஅத் தீர்ப்புச் சொல்வதில்லை.

காத்தான் அதற்கப்புறம் பதினோரு வருஷம் மடை திறந்தான். பன்னிரண்டாம் வருஷம் பங்குனியில், குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, மடையில் இல்லை, காய்ச்சலில் இறந்தான்.