மிலோய்கோவின் காருக்கு போல்ட் தேடிய குளிர்காலம்

பழைய காருக்குப் பாகங்கள் தேடுவது எனக்குப் பிடித்த வேலை, அம்மா. ஓய்வு பெற்றவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருக்க ஏதாவது ஒரு காரணம் வேண்டுமல்லவா. போலீஸ் உத்தியோகத்தில் இருக்கும் உங்களுக்கு அது இன்னும் புரியாது. பரவாயில்லை, முதலிலிருந்தே சொல்கிறேன்.

இவான்யித்சா ஊருக்கு மேலே மலைப்பாதை முடிகிற இடத்தில் இரண்டே வீடுகள். ஒன்று என்னுடையது. மற்றதில் மிலோய்கோவும் அவன் மனைவி ஸ்தமேன்காவும். அந்தப் பக்கம் பேருந்து வருவது எப்போதோ நின்றுவிட்டது. என்னிடம் ஒரு கார், அவர்களிடம் ஒரு கார். வழியில் பார்த்தால் கை தூக்குவோம். என் மனைவி இறந்த பிறகும் அவ்வளவுதான்.

மிலோய்கோவின் கார் எங்கள் நாடு உடைவதற்கு முன்னால் செய்தது. போன இலையுதிர் காலத்தில் அது இரைந்து இரைந்து நின்றுபோனது. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவன் நான், என்னைத்தான் கூப்பிட்டான். கார்புரேட்டரைத் தாங்கி நிற்கும் மேனிஃபோல்டை இன்ஜினோடு பிடித்திருக்கிற போல்ட்டுகள் துருவேறிப் போயிருந்தன. இரண்டு முறிந்தே போயின. முறிந்த துண்டுகளைத் துளைபோட்டு வெளியே எடுத்தேன். அதைச் சுத்தமாகத்தான் செய்தேன்.

"போல்ட்டுதானே, கடையில வாங்கிக்கலாம்," என்றான் மிலோய்கோ.

"இதுக்கு மரை வேற, நீளம் வேற. கண்டதை மாட்டினா இன்ஜின் ஹெட்டே விரிசல் விட்டுடும்," என்றேன்.

அது முழு உண்மை இல்லை. கடை போல்ட்டில் ஒரு வாஷர் போட்டு நிதானமாக முடுக்கியிருந்தால் வண்டி ஓடியிருக்கும். ஆனால் செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவன் நான்.

அடுத்த ஞாயிறு என் காரில் சாச்சாக் நகரத்துப் பழைய சாமான் சந்தைக்குப் போனோம். மிலோய்கோ சுட்ட இறைச்சி வாங்க வரிசையில் நின்றிருந்தான். நான் சாமான் பரப்பியிருந்த ஒரு தார்ப்பாய்க்கு முன்னால் குனிந்தேன். அதே போல்ட்டுகள், எண்ணெய்த் தாளில் சுற்றி, முழு செட்டாக இருந்தன. வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டேன். கொடுக்க வேண்டும் என்றுதான் வாங்கினேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

திரும்பும் வழியில், ரொட்டிக்குள் வைத்த இறைச்சியை எனக்குப் பாதி பிய்த்துக் கொடுத்துக்கொண்டே அவன் சொன்னான்: "வண்டி சரியானதும் வேரித்சா வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கோம்யா. வெயில் வர்ற வரைக்கும் அங்கேதான். பிடிச்சுப்போனா இந்த வீட்டை வித்துட்டு ஒரேயடியா அவகூடவே இருந்துடுவோம்."

வேரித்சா அவர்களுடைய மகள். கிராலியெவோவில் இருக்கிறாள். நான் பாதையைப் பார்த்து வண்டியை ஓட்டினேன். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது, கோட்டுப் பைக்குப் போகவில்லை.

அதன் பிறகு குளிர்காலம் முழுவதும் தேடினோம். நல்ல காலம் அது. சந்தைக்கும் மருத்துவரிடமும் தேவாலயத்துக்கும் அவர்கள் என் காரில்தான் வந்தார்கள். ஸ்தமேன்கா பாலாடைக்கட்டிப் பணியாரம் சுட்டு, சூடாகவே துணியில் மூடி எடுத்து வருவாள். "அண்ணே, ஆறிடும், முதல்ல சாப்பிடுங்க," என்பாள். என் சமையலறையில் மறுபடியும் மனிதக் குரல் கேட்டது. பழைய இரும்புக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்தாலே சிரிப்பார்.

"அந்த இன்ஜினுக்கா? அது என் மாமனாரை விடப் பழசுய்யா. அவரைத் தோண்டினாக்கூடக் கிடைச்சுடுவார், உங்க போல்ட்டு கிடைக்காது."

மிலோய்கோ விழுந்து விழுந்து சிரிப்பான். நானும் சிரிப்பேன். நடக்கும்போது கோட்டுப் பை லேசாகத் தொடையில் இடிக்கும். நாளடைவில் அது பழகிவிட்டது.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை கையில் பிராந்திக் குப்பியோடு வந்தான். "மருமகன் கண்டுபிடிச்சுட்டான்யா. கீழே ஊருக்கு வர்ற பஸ்காரர்கிட்ட கொடுத்துவிடுறானாம், வெள்ளிக்கிழமை வந்துடும். நீ மாட்டிக் குடுத்தா ஞாயித்துக்கிழமை கிளம்பிடுவோம்."

நான் அவனுக்கு வாழ்த்துச் சொன்னேன். குப்பியைக் காலி செய்தோம். அவன் போன பிறகு யோசித்தேன். இத்தனை மாதம் ஓட்டியது நான். அவன் ஒரு தடவைகூட, நீ தனியாக என்ன செய்வாய் என்று கேட்கவில்லை.

மறுநாள் முற்பகலில் மிலோய்கோ என் கதவைத் தட்டினான்.

"திஹோமிர், திற. அவளுக்கு நெஞ்சு வலிக்குது. ஆம்புலன்ஸ் வேற ஊருக்குப் போயிருக்காம். திறய்யா."

நான் அடுப்படியில் இருந்தேன். காபி அப்போதுதான் பொங்கி எழுந்தது. வானொலியைக் குறைத்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: ஆமாம், குறைத்தது நான்தான், அவனுக்கு அது காதில் விழுந்தது சரிதான். பிறகு உட்கார்ந்து காபி குடித்தேன். அவசரமாகக் குடித்தால் எனக்கு வயிற்றுக்கு ஆகாது. அவன் தட்டிக்கொண்டே இருந்தான். முதலில் என் பெயரைச் சொன்னான், பிறகு அவள் பெயரைச் சொன்னான், அப்புறம் வெறுமனே தட்டினான். நான் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று அவனுக்கு ஒருமுறை தெரியட்டும் என்று நினைத்தேன். கெட்ட எண்ணம் வேறெதுவும் இல்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அதன் பிறகு திறந்தேன்.

"குளிச்சுட்டு இருந்தேன்," என்றேன். என் தலை காய்ந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை.

பாதை பனிக்கட்டியாக உறைந்திருந்ததால் மெதுவாகத்தான் ஓட்டினேன். அதில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. ஸ்தமேன்கா பின்னால் அவன் மடியில் படுத்திருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. கையை நீட்டி என் தோளைத் தொட்டாள். "அண்ணே, நீங்க மட்டும் இல்லேன்னா எங்களுக்கு யாரு," என்றாள். ஆற்றுப்பாலம் வருவதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது. அரை மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னார். அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. காபியை முடிக்கும்போதே எனக்குத் தெரியும்.

அடக்கத்தன்று காற்று கடுமையாக அடித்தது. வேரித்சா நடுங்கிக்கொண்டு நின்றாள். என் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டேன். பைக்குள் கைவிட்டவள் எண்ணெய்த் தாளை வெளியே எடுத்துப் பிரித்தாள். அவள் கணவன் தேடி அனுப்பிய அதே போல்ட்டுகள்.

"இது எப்ப வாங்கினது, மாமா?"

"இலையுதிர் காலத்தில," என்றேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

அவள் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நேராக உங்களிடம் வந்தாள். அவளுக்குக் கோபம், அம்மாவை இழந்தவள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். போல்ட்டுகளை நான்தான் மறைத்து வைத்திருந்தேன், கதவை நான்தான் திறக்கவில்லை, அந்த நேரம் முழுவதும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மருமகன் அனுப்பியதை மாட்டித்தர எனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. வரும் சனிக்கிழமை ஸ்தமேன்காவுக்கு நாற்பதாம் நாள் பூசை. கல்லறை மேடு உயரத்தில் இருக்கிறது. மிலோய்கோவுக்கு முழங்கால் வலி, அவனால் நடந்து ஏற முடியாது. மகள் முகத்தைப் பார்த்தாலே அழுதுவிடுகிறான், அவளோடு போக மாட்டான். அதற்குள் என்னை விட்டுவிடுங்கள், அம்மா. அவனுக்கு இப்போது என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?