நாலாயிரம் வரி மாறிடுச்சாம்!

...ஒத்த வரிங்க! பட்டன் கலர மாத்த ஒரே ஒரு வரிய தொட்டிருக்கான் அந்த டிசைனர் சுருட்டை. யாரு எத மாத்தினாங்கன்னு கணக்கு வெக்கற கிட்ல பாத்தா நாலாயிரம் வரியும் மாறிடுச்சுன்னு செவசெவன்னு காட்டுது. நான் எதப் பாக்கறது, எத விடறது? நீங்கதான இன்னிக்கு புதுசா சேந்தவரு? உக்காருங்க உக்காருங்க. நாற்காலி கொஞ்சம் ஆடும், பழகிடும்.

ஏன் அப்படிக் காட்டுதா? ஒவ்வொரு வரி முடியற எடத்துலயும் கண்ணுக்குத் தெரியாம ஒரு அடையாளம் இருக்குல்ல, அதாலதான். லினக்ஸ்ல எழுதற நாங்க ஒண்ணு போடுவோம். விண்டோஸ்ல எழுதற டிசைன் ஆளுங்க ரெண்டு. நாமல்லாம் போன்ல "வெச்சிடறேன்"னு ஒரு தடவ சொல்லி வெச்சிடுவோம். என் நாத்தனார் "வெச்சிடறேன்... சரி, வெச்சிடறேன்"ம்பா. சொல்லிட்டும் வைக்க மாட்டா! போன வாரம் அவகூட பேசிக்கிட்டே நின்னு பால் மொத்தமும் பொங்கி... எங்க விட்டேன்? ஆங், அடையாளம். கிட் பாவம், ஒண்ணு ரெண்டானா வரியே மாறிடுச்சுன்னு நெனச்சுக்குது.

இதுக்கு மருந்தா நான் ஒரு ஃபைல் எழுதி எல்லாருக்கும் பொதுவா போட்டு மூணு மாசமாச்சு. யாரு எந்த மெஷின்ல எழுதினாலும் உள்ள போறப்ப ஒரே மாதிரி ஆயிடும். போன தடவ இதே மாதிரி ஆனப்ப கேட்டா, சுருட்டை என்னடான்னா, "அப்படி ஒரு ஃபைலே எனக்கு வரலக்கா"ங்கறான். மூஞ்சிக்கு நேரா! பத்து பேர் முன்னாடி வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். பத்து நாளா பேச்சில்ல. ஆறு வருஷம் ஒண்ணா சாப்பிட்டவன்ங்க, இப்ப போனப் பாத்துக்கிட்டே தனியா சாப்பிடறான். எனக்கென்ன! எனக்கும் சோறு எறங்கலதான், அது வேற விஷயம்.

இனிமே அவன் எதையும் நேரா உள்ள போடக் கூடாது, நான் பாத்து விட்டாத்தான் போகணும்னு மேனேஜருக்கு எழுதிட்டேன். மூணு மணி மீட்டிங்ல முடிவாயிடும்.

நீங்க காலைல பொதுவுல இருக்கறதெல்லாம் உங்க மெஷினுக்கு காப்பி எடுத்தீங்கல்ல, அதுல பாருங்க, அந்த ஃபைல் இருக்கும். பேரு புள்ளியில ஆரம்பிக்கும், அதனால சும்மா பாத்தா தெரியாது. மறைஞ்சதையும் காட்டச் சொல்லுங்க... இல்லையா? நல்லாப் பாருங்க சார். என் மெஷின்ல இதோ இருக்கே, குத்துக்கல்லாட்டம்!

எங்க கைய நீட்டறீங்க? என் கிட் செட்டிங்ல இருக்கற இந்த வரியா? அது நான் எழுதி வெச்சதுதான். புள்ளி வெச்ச ஃபைலெல்லாம் பட்டியல்ல வந்து வந்து உசுர வாங்குதேன்னு, "புள்ளியில ஆரம்பிக்கிற எதையும் கண்டுக்காத"ன்னு என் கிட்டுக்கு நான்தான்...

ஐயையோ.

அப்ப அது என் மெஷின விட்டு வெளியவே போகலையா? மூணு மாசமா என்கிட்டயேவா குந்தியிருக்கு? சிரிக்காதீங்க. சரி, சிரிங்க... எனக்கே சிரிப்பு வருது. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு! அவன் உண்மையத்தான் சொல்லியிருக்கான், பாவி, நான்தான் காதுலயே போட்டுக்கல.

மணி என்ன? ரெண்டு அம்பதா! மொதல்ல இத உள்ள தள்ளறேன்... போயிடுச்சு. மேனேஜருக்கு, "நான் கேட்டத விட்டுடுங்க, தப்பு என்னோடது." அனுப்பியாச்சு. அவன்கிட்ட எப்படிங்க சொல்றது? பத்து பேர் முன்னாடி திட்டினேன், பத்து பேர் முன்னாடிதான் மன்னிப்பும் கேக்கணும். வெக்கமா இருக்கு. நீங்களும் கூட வாங்களேன், தைரியமா இருக்கும்... ஏங்க?

எங்க போனாரு மனுஷன்? அட, அந்தக் கோடியில சுருட்டை காதுல என்னமோ ஓதறாரே! சேந்த மொத நாளே போட்டுக் குடுக்கறாரு பாரு. அவனும் சிரிக்கறான்... அப்பாடா, சிரிக்கறான்.

டேய் சுருட்டை! அவர் சொல்றதக் கேக்காதடா, அவர் ரொம்ப சுருக்கமாச் சொல்லிடுவாரு. தப்பு பண்ணினவ நானு. முழுசா நான்தான் சொல்லுவேன்!