ஆளில்லாத அறைக்கு வரியில்லை

அவைக்கு அழகும் எனக்கு அச்சமும் சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! நரையால் நிமிர்ந்து நிற்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

வீட்டு வரியைப் பற்றிப் பேச வந்தேன். எதிரணி ஆண்டபோது என்ன செய்தது? சுவரை அளந்தது; சதுர அடிக்கு வரி போட்டது. சுவருக்குள்ளே சிரிப்பா, சிணுங்கலா, சிதைந்த வாழ்வா? கேட்கவே இல்லை. நாம் என்ன செய்தோம்? ஆளில்லாத அறைக்கு வரியில்லை என்று அறிவித்தோம்! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். இனித் தட்ட மாட்டீர்கள்.

அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வீட்டுக்காரர் அறை வாசலில் நின்று, "இங்கே யாரும் இல்லை" என்று அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

என் தெருவில் துணி தைக்கும் அக்கா ஒருவர். மின்சார வேலைக்குப் போன கணவர் திரும்பவில்லை. ஆண்டுகள் பல ஓடிவிட்டன. மாடியில் அவர் அறை அப்படியே இருக்கிறது. வரி கட்டத் திணறிய அக்காவை நச்சரித்து மனுப் போட வைத்தவன் நான்தான்.

பட்டப்பகல். மாடிக் கதவு திறந்திருந்தது. கட்டில், கொடியில் ஒரு சட்டை, மேசைமேல் அவருடைய மின்சார டெஸ்டர். ஆளில்லை, என் கண்ணால் பார்த்தேன்.

"ஒரு வார்த்தைதானம்மா, சொல்லுங்க. இன்னும் நாலு வீடு பாக்கணும்" என்றார் வரி அதிகாரி.

"இங்க... இங்க யாரும்..."

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. காற்றா? யாரப்பா அப்படிச் சொன்னது, ஓரத்தில் நிற்கும் தம்பியா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த நொடி, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. காற்று கதவைச் சாத்தும், ஒப்புக்கொள்கிறேன். தாழ்ப்பாள் போடுமா தம்பி? போடுமா?

அதிகாரி அளவு நாடாவைப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அக்கா மட்டும் கதவில் கன்னம் வைத்து, "கோவிச்சுக்காதீங்க. நான் முழுசா சொல்லவே இல்ல" என்று உள்ளே பேசிக்கொண்டிருந்தார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

"சலுகை வேணாம் தம்பி. வரியே கட்டிடறேன்" என்றார் அக்கா. விட்டதா நம் சட்டம்? போட்ட மனுவைத் திரும்பப் பெற முடியாதாம்! நாளைக் காலை கதவை உடைத்து, உள்ளே ஆளில்லை என்று உறுதி செய்யப் போகிறார்களாம்.

எதிரணிக்கு ஈரமில்லை, ஆனால் அது சுவரோடு நின்றுகொண்டது. நாம் இரக்கப்பட்டோம், இரக்கப்பட்டு, மனைவியின் வாயாலேயே கணவனை இல்லையென்று சொல்லச் சொன்னோம்! இது சலுகையா? சாவுச் சான்றிதழா? செயலாளர் முறைக்கிறார், முறைக்கட்டும். கட்சியை விட்டு நீக்குவார்களா? நீக்கட்டும்! நாளைக் காலை அந்த மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். கடப்பாரை என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். வர விரும்புகிறவர்கள் வாருங்கள், படியில் இடமிருக்கிறது.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டீர்கள், நன்றி. வீடு போய்ச் சேருங்கள். பூட்டிக் கிடக்கும் அறை ஏதும் இருந்தால், கடக்கும்போது என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பதில் வந்தால் பயப்படாதீர்கள்.