பசை காயுற வரைக்கும்

இல்லங்க கடைக்கார நானா, வெளிய போயி உக்கார மாட்டேன். இந்த ஸ்டூல்லயே இருந்துக்கிறேன். பேட்டு காஞ்சு திரும்பக் கைக்கு வர்ற வரைக்கும் கண்ண எடுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காரு. எங்க வீட்டுக்காரரு, புவனேந்திரன். தெரியும்தானே? எங்க நமுனுகுல தோட்டத்து கிரிக்கெட் டீமுக்கு மொத ஆளா எறங்குவாரே, அவருதான். ஞாயித்துக்கிழம பசறையில பைனலு. ஃபெக்டரியில லீவு குடுக்கல. இல்லாட்டி அவரே தூக்கிக்கிட்டு ஓடி வந்திருப்பாரு.

வேர்க்குதுதான். எங்க பக்கம் குளிரு, சுவெட்டரோடயே வந்துட்டேன். பரவால்ல, கழட்ட வேணாம்.

வெடிப்பு பெருசுதான் என்னா? அடியிலருந்து நடு வரைக்கும் ஏறியிருக்கு. பந்து பட்டு வெடிக்கல நானா, காஞ்சு வெடிச்சது. இந்த மாசம் முச்சூடும் அங்க மழையும் பனியும். துணி காயாது, வெறகு காயாது. நனைஞ்சது எதுவா இருந்தாலும் அடுப்புக்கு மேல பரணுல போட்டுருவோம், லயத்துல எல்லார் வீட்டுலயும் அப்புடித்தான். பேட்டு நனைஞ்சு வந்துச்சு, அதயும் போட்டாச்சு. அட, சிரிக்காதீங்க நானா! என்னா, தோட்டத்துலருந்து வர்ற பேட்டுல பாதி இப்புடித்தான் வருதா? அப்ப சரி, நான் மட்டும் மடச்சி இல்ல.

பாவம், அவரு அத எப்புடிப் பாத்துக்குவாரு தெரியுமா? வாங்குன புதுசுல லின்சீட் எண்ணெய பஞ்சுல தொட்டுத் தொட்டுத் தடவுவாரு. பிடிக்குள்ள எண்ணெ எறங்கிரக் கூடாதாம். பழைய பந்த ஒரு சாக்ஸுக்குள்ள போட்டு அந்தியானா டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருப்பாரு. பக்கத்து வீட்டு இராக்கம்மா அக்கா, ஏன்டி ஒங்க வீட்டுல தெனமும் மாவா இடிக்கிறீங்கன்னு கேக்கும். ஈரத் தரையில நிப்பாட்டக் கூடாது, வெயில்ல வைக்கக் கூடாது, யாருக்கும் இரவல் குடுக்கக் கூடாது. வேல முடிஞ்சா ஒறைக்குள்ள போட்டு ஜிப்ப இழுத்துருவாரு.

என்னயும் அப்புடித்தான் வச்சிருக்காரு.

இருங்க, போன் அடிக்கிது. ஆமாங்க... கடையிலதாங்க. வேற எங்க போவேன்? இந்தா, சத்தம் கேளுங்க. நானா, அந்த மேசையில ஒரு தட்டுத் தட்டுங்களேன். கேட்டுச்சாங்க? ம்... ம்... வச்சிர்றேன்.

ஒன்னுமில்ல நானா. கடைச் சத்தம் கேட்டாத்தான் நம்புவாரு. இன்னும் கொஞ்சத்துல மறுபடி எடுப்பாரு பாருங்க.

சேச்சே, அடிக்க மாட்டாரு. அப்புடிச் சொல்லக் கூடாது. அடிச்சாலாவது லயத்துல நாலு பேரு வந்து ஏன்னு கேப்பாங்க. குடி கெடையாது, சிகரெட்டு கெடையாது. தங்கமான மாப்புளன்னு எங்க அம்மாவே சொல்லுது. கல்யாணம் கட்டுனதிலருந்து பெரட்டுக்கு, தோட்டத்து வேலைக்கு விடல. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனா பொம்பளைங்களோட சேந்து கெட்டுப் போயிருவேனாம். பைப்படிக்குப் போனாலும் மாமியாரு பின்னாலயே வரும். என் கூடப் பொறந்த தனுஜா அக்கா வவுனியாவுல இருக்கு. அதுக்குப் புள்ள பொறந்து இப்ப நடக்கவும் ஆரம்பிச்சிருச்சு, நான் இன்னும் மொகம் பாக்கல. கேட்டா, ரோடு சரியில்ல, மழ விடட்டும், அடுத்த மாசம் பாப்பம்பாரு. எனக்கு அந்த வீட்டுக்குள்ள மூச்சு முட்டுது நானா. சத்தமா ஒரு வார்த்த பேசியும் எத்தனையோ காலமாச்சு.

ஆனா பேட்டு வெடிச்சதும் பாருங்க! அவரே விடிய எழும்பி, குடை புடிச்சு, பஸ் ஏத்தி விட்டாரு. மாமியாருக்கு முழங்கால் வலி, வர முடியல. வேற ஆளு கையில பேட்டக் குடுக்க அவருக்கு மனசு வரல.

நல்லா விரிச்சு உள்ளுக்கு விடுங்க பசைய. வழியிறத நான் தொடைக்கவா? சரி, நீங்களே செய்யிங்க. கிளாம்பு போட்டா எப்ப கழட்டுவீங்க? நாளைக்கா! சாயங்காலம் காஞ்சிரும்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. அவருக்கு எண்ணெயப் பத்தித்தான் தெரியும், பசையப் பத்தித் தெரியாது. நீங்களா எடுத்துச் சொல்லிராதீங்க. நாளைக்குத்தான்னு தெரிஞ்சா, இப்பவே கெளம்பி வாம்பாரு.

ரசீதுத் துண்டுல எழுத பேரா? புவனேந்திரன்னே எழுதுங்க. பேட்டு அவரோடதுதானே.

அந்தா, பஸ்காரன் வவுனியா வவுனியான்னு கூப்புடுறான், கேக்குதா?

நானா, என் போன இந்த பேட்டு ஒறைக்குள்ள போட்டு ஜிப்ப இழுத்துட்டேன். அடிச்சா எடுக்க வேணாம். நீங்க பொய் சொல்லவும் வேணாம். சாயங்காலம் ஒங்க நம்பருக்கு எடுத்தாருன்னா, பேட்டக் குடுத்துட்டுப் போயிருச்சுன்னு உள்ளதச் சொல்லுங்க. அதுக்குள்ள நான் போயிருவேன். பை எதுக்கு நானா? பை எடுத்தா மாமியாரு கேக்கும். இந்த சுவெட்டருக்கு உள்ள என்கிட்ட இருக்குற சுடிதாரு அத்தனையும் போட்டுக்கிட்டு வந்திருக்கேன்.

பேட்டா? தீக்கிட்டக் கொண்டு போனா வெடிச்சிரும்னு அவரு சொல்லாத நாளில்ல. எனக்குத் தெரியாதா? வெறகு மாதிரி திருப்பித் திருப்பிப் போட்டு நான்தான் காய வச்சேன். அது பாவம், என்னா செஞ்சுச்சு? நல்லாச் செஞ்சு குடுங்க, ஞாயித்துக்கிழம வெளையாடட்டும்.

வர்றேன் நானா. கிளாம்ப மட்டும் அவசரப்பட்டுக் கழட்டிராதீங்க. நல்லாக் காயட்டும்.